கப்பலில் போட்ட கணக்கு

“சந்திரசேகர் கப்பலில் போகும்போதே கருந்துளையைக் கண்டுபிடித்தாராமே, உண்மையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய அந்த 19 வயது இளைஞர் வழியில் போட்டது வெண்குறுமீன்களைப் பற்றிய கணக்கு. அதுவே பெரிய அதிசயம். அதன்மேல் ஜரிகை ஒட்ட வேண்டியதில்லை.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்தான் வெண்குறுமீன்; அதைத் தாங்கி நிறுத்துவது எலக்ட்ரான்களின் நெரிசல். சர்க்கஸ் கேலரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இருவருக்கு மேல் உட்காரக் கூடாது. கீழ்ப்படி நிறைந்தால் அடுத்து வருபவர் மேலே ஏற வேண்டியதுதான். இந்தக் கேலரியில் மேல்படிக்காரர் சும்மா உட்காரவும் முடியாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற ஏற உந்தம் அதிகம். விண்மீன் சுருங்கினால் ஒவ்வொரு படியிலும் பலகைகள் குறையும், கூட்டம் இன்னும் மேலே போகும். ஓடுகிறவர்கள் கூடாரத் துணியில் மோதுகிறார்களே, அந்த மோதல்தான் ஈர்ப்பைத் தடுக்கும் அழுத்தம். 1926இல் இயற்பியலாளர் ரால்ஃப் ஃபவுலர் வந்து நின்ற இடம் இது.

சந்திரசேகர் உச்சிப்படிகளைப் பார்த்தார். அங்கே ஓட்டம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. இன்னும் ஏறினால் உந்தம் கூடும், வேகம் கூடாது. அதனால் மோதல் அவ்வளவாக வலுக்காது: அடர்த்தியின் 5/3 அடுக்காக உயர்ந்த அழுத்தம் இப்போது 4/3 அடுக்காகத்தான் உயரும். விண்மீன் சுருங்கும்போது அதைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தமும் அதே 4/3 அடுக்குதான்! சுருங்கச் சுருங்கத் தாங்கும் வலு ஈர்ப்பை எட்டிப்பிடித்துவிடும் என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. இனி நிறை மட்டுமே தீர்மானிக்கும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் நெரிசல் தாங்காது.

1931இல் இந்த எல்லைக்கு அவர் வெளியிட்ட எண் 0.91 மடங்கு. சூத்திரத்தில் பிழையில்லை; ஒரு எலக்ட்ரானுக்கு இவ்வளவு நிறை என்று அன்று வைத்துக்கொண்ட அளவு 2.5, இன்று நாம் கொள்வது 2.

வரலாறும் கொஞ்சம். வில்ஹெல்ம் ஆண்டர்சனும் எட்மண்ட் ஸ்டோனரும் இதே எல்லையின் அருகே முன்பே வந்திருந்தார்கள். 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் எடிங்டன் இந்த எல்லைக்காகச் சந்திரசேகரை ஏளனம் செய்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய வாழ்க்கை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கதிர்வீச்சுப் பரிமாற்றம், பாய்மங்களின் நிலைப்பு என்று ஒவ்வொரு துறையிலும் ஆண்டுக்கணக்கில் மூழ்கி, அதை ஒரு பெரும் நூலாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். கருந்துளைகளின் கணிதத்தில் அவர் முழுமூச்சாக இறங்கியது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. அந்த நூல் வந்தது 1983இல். நோபல் பரிசும் அதே ஆண்டுதான்.