ஸ்விட்சைத் தட்டியும் விளக்கு எரியாவிட்டால்...?

செம்மநத்தத்துக்கு நான் போனது காப்பிப் பூவைப் பார்ப்பதற்காக. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் நடுவே போகவேண்டும். கோடை மழை ஒன்று பெய்து பத்து நாளானால் மலைச்சரிவெல்லாம் மல்லிகைப் பந்தல் போட்டாற்போல் வெளேரென்று பூத்துவிடும். பூவைக் கண்குளிரப் பார்த்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது பூவைப் பற்றி அல்ல. அன்று சாயங்காலம் நடந்ததைப் பற்றி.

ஆறு மணிக்குக் காற்றும் மழையும் கிளம்பின. எங்கேயோ ஒரு சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்திருக்கவேண்டும். பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்துவிட்டது. உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைத் துழாவிச் செல்போனை எடுத்து, அதில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் சார்ஜரைத் தேடினேன்! சார்ஜர் கிடைத்துவிட்டது. மின்சாரந்தான் இல்லை.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி அந்த இருட்டில் எதையும் தேடவில்லை. நேரே மாடத்தண்டை போனாள், தீப்பெட்டி உரசும் சப்தம் கேட்டது, விளக்கு எரிந்தது.

"எப்படிப் பாட்டி, இருட்டிலே கண்டுபிடித்தீர்கள்?" என்றேன்.

"கண்டுபிடிக்க என்ன கண்ணு இருக்குது? வெளக்கு எப்பவும் இருக்கற எடத்துலதான் இருக்குது. உக்காரு, களி கிண்டறேன்" என்றாள்.

அந்த வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. காஸ் அடுப்பு இருக்கிறது. பேரன் கையில் செல்போனும் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் வந்துவிட்டன என்பதற்காகப் பாட்டி விறகு அடுப்பை இடித்துவிடவில்லை. பானையில் கேழ்வரகு மாவு, இன்னொன்றில் சாமை, குடங்களில் தண்ணீர், இறவாணத்தில் உலர்ந்த விறகு. "மழைக்காலத்துல கரண்டு வர ரெண்டு நாளும் ஆகும், மூணு நாளும் ஆகும். அதுக்காகச் சோறு திங்காம இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி நினைவுக்கு வந்தது.

நான்கு நாள் பாடம்

அன்றுதான் 'வர்தா' புயல் சென்னையைத் தாக்கிற்று. மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. நான்கு நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. செல்போன் ஓய்ந்துவிட்டது. கீழ்வீட்டுத் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. வேலூருக்குப் போயிருந்த என் கணவருடன் பேசலாமென்று ஓடினேன். ஆனால் அவருடைய நம்பர் எனக்குத் தெரிந்தால் அல்லவா? ஆறு வருஷ தாம்பத்தியத்தில் அந்தப் பத்து இலக்கங்களை நான் மனப்பாடம் செய்திருக்கவில்லை! 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து ஒரு மாதந்தான் ஆகியிருந்ததால் வீட்டில் சில்லறையும் இல்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமியார் தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மாத இருப்பு முழுவதும் குளிராத குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. மருந்துக் கடைகள் திறக்கவில்லை. "எனக்கு ஒன்றும் ஆகாது, நீ அழாதே" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

காப்பாற்றியவர் கீழ்வீட்டு அம்மாள், ஓய்வு பெற்ற நர்ஸ். ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, மருந்தை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்தார். ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்கச் சொன்னார். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தினால்தான். குளிர்சாதனப் பெட்டிக்கு இது ஈடாகாது. ஆனால் மருந்தை வெப்பம் தாக்காமல் காக்கும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின், அதிகச் சூடு படாவிட்டால், பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வீட்டு மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதை இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முடிச்சு அவிழ்ந்தால்...

"புயல் என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. அதற்கு இவ்வளவு பிரமாதமா?" என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய குடித்தனம் முழுவதும் மின்சாரம் என்ற ஒரே முடிச்சில் தொங்குகிறது. அது அவிழ்ந்தால் தண்ணீர், போன், பணம், பெட்ரோல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்கின்றன.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொடர் குலைந்தது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி மக்கள் வசிக்கும் பிரதேசம் பாதிக்கப்பட்டது. தென்னாட்டின் மின்தொடர் அப்போது தனியாக இருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-ந் தேதி அதுவும் நாட்டின் தொடருடன் இணைந்துவிட்டது. இதனால் லாபங்கள் உண்டு. இடருக்கும் இப்போது பங்காளிகள் ஆகிவிட்டோம். 2025 ஏப்ரல் 28-ந் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் திடீரென்று மின்சாரம் இழந்தபோது, அங்கே ஜனங்கள் பாட்டரி ரேடியோவைத் தேடி அலைந்தார்கள்.

2018 நவம்பர் 16-ல் 'கஜா' புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்துதான் ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள்.

யாழ்ப்பாணத்துச் சகோதரிகளின் அனுபவமோ வாரக் கணக்கல்ல, வருஷக் கணக்கு. 1990-ல் போர் மறுபடியும் மூண்டபின் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் பாட்டரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு விளக்காக்கினார்கள். அதன் ஒளியில் குழந்தைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பனம்பழத்தைக் கொண்டு துணி வெளுத்தார்கள். அந்த நிலை யாருக்கும் வரவேண்டாம். ஆனால் அவர்கள் காட்டிய சாமர்த்தியம் நமக்கு வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

தண்ணீர் முதலில். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வேண்டும். நான்கு பேருள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு ஐம்பது லிட்டர். மூடியுள்ள இரண்டு பெரிய பாத்திரங்கள் போதும். வாரம் ஒரு முறை மாற்றி நிரப்புங்கள்.

விளக்கும் தீப்பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கைவிளக்குக்கும் சிறிய ரேடியோவுக்கும் பாட்டரி வாங்கி வையுங்கள். அவற்றுக்குள் போட்டு வைத்தால் கசிந்துவிடும், தனியே வையுங்கள்.

அவலும் பொரிகடலையும் வெல்லமும் அடுப்பில்லாமலே பசியாற்றும். அவற்றை அவசரத்துக்கென்று பூட்டி வைக்காமல், தின்று தீர்த்துப் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தால் பூச்சி பிடிக்காது.

கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வையுங்கள். முக்கியமான பத்து நம்பர்களை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். கணவரின் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டாரைத் தெரிந்துகொள்ளுங்கள். யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் நோயாளி, யாருக்கு வைத்தியம் தெரியும்? எங்கள் கீழ்வீட்டு அம்மாள் நர்ஸ் என்பதே அந்தப் புயலன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம்!

செம்மநத்தத்தில் மூன்றாம் நாள் காலையில் கரண்டு வந்தது. பாட்டி முதல் வேலையாக டெலிவிஷனைப் போட்டாள். விட்டுப்போன தொடரில் என்ன ஆயிற்று என்று அவளுக்கு ஒரே கவலை! பார்த்து முடித்ததும் எழுந்தாள். விளக்கைத் துடைத்துத் திரியைச் சரிசெய்து மாடத்தில் வைத்தாள். பக்கத்தில் தீப்பெட்டி.

ஊர் திரும்பியபின் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு சாயங்காலம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். குழந்தைகள் விளக்கேற்றுவார்கள், மாமியார் கதை சொல்வார். எங்கே என்ன குறை என்பது அன்றைக்குத்தான் தெரிகிறது. போன மாதம் தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. மறுநாளே மாற்றிவிட்டோம்.