ஊரை விட்டு வந்தவரின் ஊர்ப்பாட்டு

தமிழ்த் திரையிசையில் ஊரைப் புகழும் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாடுகின்றவர் பிறந்து வளர்ந்த சிற்றூரே அவர் குரலில் வந்து நிற்கின்ற பாடல்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால், ‘சொர்க்கமே என்றாலும்’ என்ற பாட்டுக்கே என்பேன். 1990-இல் வெளிவந்த ‘ஊரு விட்டு ஊரு வந்து’ என்னும் படத்திற்காக இளையராஜா இசையமைத்து, எஸ். ஜானகியுடன் சேர்ந்து தாமே பாடியது அது. படத்தை இயக்கியவர் அவருடைய தம்பி கங்கை அமரன். சிற்றூர் இளைஞன் ஒருவன் சிங்கப்பூருக்குப் போகின்ற கதை. இசையமைத்துப் பாடியவரும் படத்தை எடுத்தவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே தெருவில் ஆடியவர்கள்.

அல்சூரில் நான் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே நான் கேட்ட மெல்லிசைக் கச்சேரிகளில் இந்தப் பாட்டு இடம்பெறாத கச்சேரி ஒன்றுகூட இல்லை. மேடையில் யாராவது அதைத் தொடங்கியதும் கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். இவர்கள் எந்த ஊரை நினைத்து ஆரவாரம் செய்கிறார்கள்? அந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அந்தப் பாட்டுக்குரிய ஊரைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அன்று மதுரை மாவட்டம், இன்று தேனி மாவட்டம். 1943-இல் அங்கே பிறந்த இராசய்யாதான் பின்னாளில் இளையராஜா ஆனார். அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தில் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. மலைக்கு அப்பால் இருக்கும் அத்தொகுதியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலர் தமிழர். அவர்களிடையே பாடச் சென்ற அண்ணனோடு, பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவனாக இராசய்யாவும் போனார். அதன்பின் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராக மேடை. 1968-இல் சகோதரர்கள் சென்னை சேர்ந்தனர்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையும் அதன் எழுத்துமுறையும் கற்றார். கித்தார் வாசிப்பில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வும் எழுதினார். அவர் உதவியாளராக இருந்து தொழில் பழகியது ஜி. கே. வெங்கடேஷிடம். நம் பெங்களூர் நண்பர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். கன்னடப் படங்களுக்கு இசையமைத்துப் பெரும்புகழ் பெற்றவர் அவர். பண்ணைப்புரத்து இசை திரைக்கு வருமுன் கன்னடத் திரையிசையின் பட்டறையில் சில காலம் இருந்து வந்தது என்பதை அல்சூர்த் தமிழர் அறிந்துகொள்வது நல்லது. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பின்னர் நடந்தது நாடறிந்த வரலாறு.

ஆக, ‘சொர்க்கமே என்றாலும்’ பதிவானபோது அவர் ஊரைவிட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஊரிலேயே இருப்பவனுக்கு அந்தப் பாட்டுத் தேவையே இல்லை. வயலில் நிற்பவன் வயலை ஏன் விளித்துப் பாடப் போகிறான்? அவன் மழையைப் பாடுவான், கூலியைப் பாடுவான், முறைப்பெண்ணைக் கேலி செய்து பாடுவான். ஊர் என்ற பொருள் பாட்டுக்குள் வர வேண்டுமானால் பாடுகிறவன் ஊருக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

சரி, ஒரு ஊர் எப்படி ஒரு பாட்டுக்குள் புகுகிறது? சொற்களால் புகுவது எல்லோருக்கும் தெரியும். ஓசையால் புகுவது எப்படி என்பதே நான் சொல்ல விரும்புவது. இயற்பியல் மாணவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்தருள்க.

திறந்த வெளியில் ஒலி விரைவில் தேய்ந்து போகும். தொலைவு இரு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. பத்தடியில் ஓங்கிக் கேட்கும் குரல் இருபதடியில் 6 டெசிபெல் இறங்கும். நாற்பதடியில் இன்னும் 6 இறங்கும். வீட்டுக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தந்து உதவும். வயலில் சுவர் ஏது? “பண்ணைப்புரத்தில் மலை இருக்கிறதே, அது எதிரொலிக்காதா?” என்று நீங்கள் கேட்கலாம். மலை ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 6 நொடி ஆகும். அதற்குள் பாடுகிறவள் அடுத்த அடிக்குப் போயிருப்பாள்! திரும்பி வரும் ஒலியிலும் வலுவிராது.

நடவு வயலில் பாடும் பெண் இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்தவள் அல்லள். ஆனால் இதற்கு வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறாள். குரலை மேலே தூக்கி, கூர்மையாக்கிப் பாடுகிறாள். மனிதச் செவி மிக நுட்பமாகக் கேட்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை. கூர்மையாக்கிய குரலின் மேல்சுரங்கள் அந்த வரம்பில்தான் குவிகின்றன. காற்றின் இரைச்சலோ பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அந்தக் குரலை மூட இயலாது. அடியின் இறுதியில் உயிரெழுத்தை நீட்டுகிறாள். வல்லெழுத்துகள் நாற்பதடிக்குள் மங்கிவிடும். நெடில் மட்டுமே அடுத்த வரப்பைத் தாண்டும். நம் நாட்டுப் பாடல்களில் ‘ஏலேலோ’ போன்ற பொருளற்ற ஓசைகள் ஏன் இத்தனை என்று பண்டிதர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவற்றைச் சற்று உச்சரித்துப் பாருங்கள். எல்லாம் நெடிலும் லகரமும். தொலைவு போவதற்கென்றே செய்த ஓசைகள் அவை. ஒருத்தி பாட மற்றவர் திருப்பிப் பாடும் முறையிலும் ஒரு பயன் இருக்கிறது: கூட்டம் பாடும்போது தலைவி மூச்சு வாங்கிக்கொள்கிறாள், தாளம் விடாததால் கையும் நிற்பதில்லை. தாலாட்டு மட்டும் தாழ்ந்த குரலில் வரும். குழந்தை மடியிலேயே கிடக்கிறது. யாருக்குக் கேட்க வேண்டும்?

இப்படி வயலுக்கென்று அமைந்த பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அங்கே வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தொலைவுதான். வயலுக்குரிய குரலை அப்படியே போட்டால் காது கிழியும். குரலைத் தணித்தாலோ ஊர் போய்விடும். இந்த இக்கட்டை இளையராஜா எப்படித் தீர்த்தார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது என்பது என் கருத்து. ஊர்ச் சாயலை அவர் குரலின் உரப்பில் வைக்கவில்லை. வேறு இடங்களில் வைத்தார்: தோற்கருவியின் நடையில், புல்லாங்குழலின் குழைவில், அடுத்தடுத்த சில சுரங்களுக்குள்ளேயே சுற்றி வரும் மெட்டில், பேச்சுவழக்குச் சொல்லில். அவற்றுக்குப் பின்னே மேலை முறையில் எழுதப்பட்ட வயலின்களும் கித்தாரும் நிற்கின்றன. ஆனால் நாம் முன்னே காண்பது வரப்பைத்தான். இந்தப் பாட்டில் இன்னும் ஒன்று சேர்ந்தது. பாடகர்க்குரிய மெருகு ஏறாத தம் குரலையே அவர் தந்தார். கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமா பாடுவது போன்ற குரல் அது. வேறொரு பெரும் பாடகர் பாடியிருந்தால் பாட்டு இன்னும் அழகாக இருந்திருக்கலாம். ஊர் இவ்வளவு அருகில் வந்திராது.

உடன் பாடிய ஜானகியம்மையார் ஆந்திரத்தில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு. கன்னடத்தில் அவர் பாடிய பாடல்களும் கணக்கற்றவை. தமிழ்ச் சிற்றூர்ப் பெண்ணின் குரல் என்று நாம் நெஞ்சில் வைத்திருக்கும் குரல் கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து வந்தது.

பிறந்த இடத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு எப்போதுமே இப்படிக் கோணலானதுதான் போலும். அமெரிக்காவில் ஜான் டென்வர் என்றொரு பாடகர் இருந்தார். அவரும் இளையராஜா பிறந்த அதே 1943-இல் பிறந்தவர். 1971-இல் அவர் பாடி உலகெங்கும் பரவிய ‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டு மேற்கு வர்ஜீனியாவைத் தாயகமாகப் போற்றுகிறது. ஆனால் டென்வர் பிறந்தது நியூ மெக்சிகோவில்! அவரோடு சேர்ந்து பாட்டை எழுதிய கணவன் மனைவியருக்கு அது தோன்றியது மேரிலாந்தில் ஒரு சாலையில் கார் ஓட்டிச் செல்கையில். இருந்தும் 2014-இல் மேற்கு வர்ஜீனியா அதைத் தன் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. டாலி பார்ட்டனின் கதை வேறு. டென்னசி மலைச்சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1973-இல் அந்த வீட்டையே ஓர் இசைத்தட்டின் பெயராக்கிப் பாடினார். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது இதுவே.

அவ்வளவு தொலைவு போவானேன்? கன்னட நாட்டில் பிறப்பதே பேறு என்று போற்றும் பாட்டு ஒன்று இங்கே நவம்பர் மாதத்தில் தெருத்தெருவாக ஒலிக்கிறது. 1993-இல் ‘ஆகஸ்மிக’ படத்துக்காக ஹம்சலேகா அமைத்தது. பாடியவர் டாக்டர் ராஜ்குமார். அவர் 1929-இல் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. இதைச் சொல்லி அந்தப் பாட்டைக் கேலி செய்வோர் நம்மிடையே உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. எல்லைக்கோடு போட்டவர்கள் ராஜ்குமாரைக் கேட்டா போட்டார்கள்? ஊர் என்பது ஒன்று, மாநிலம் என்பது வேறொன்று. மலையடிவாரத்துக் கன்னடர்களின் ஊர் அது. அவர் பாட்டில் பொய் எதுவும் இல்லை.

அல்சூருக்கு வருவோம். 1809-ஐ ஒட்டி ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோதே தமிழர் வந்துவிட்டனர். சிப்பாய்களாக, கொத்தர்களாக, சமையற்காரர்களாக, வணிகர்களாக வந்தவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இன்று ஆறேழு தலைமுறை ஆகிறது. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். ஒருநாள் வானொலியில் இந்தப் பாட்டு வந்தபோது, “பாட்டி, உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டேன்.

“வந்தவாசி பக்கம்னு எங்க ஆயா சொல்லுவாங்க. நான் பார்த்ததில்ல. எனக்கு ஊருன்னா இந்த ஏரிதான், சோமேசுவரர் கோயில்தான். ஏம்பா, இதுவும் ஊர்தானே?” என்றார்கள்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்ததையும் அவர்களே சொன்னார்கள். அந்த ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டபோது போய்ப் பார்த்து வந்தார்களாம். அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பாட்டியம்மாளுக்கு ‘நம்ம ஊர்’ என்றால் கண்முன் வருவது பண்ணைப்புரம் அல்ல, வந்தவாசியும் அல்ல. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் வானொலியின் ஒலியைக் கூட்டிவைக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டின் ஊரில் பசி இல்லை, சாதி இல்லை, கடன் இல்லை. பாவலர் சகோதரர்கள் மலைத் தோட்டங்களில் பாடித் திரிந்த ஊர் அப்படிப்பட்டது அன்று. பிழைப்பு இருந்திருந்தால் அவர்கள் ஏன் 1968-இல் ரயிலேற வேண்டும்? நானும் என் ஊரில் படிப்பும் வேலையும் இல்லாமல்தானே இங்கே வந்தேன்? சோறு போடாத ஊரை வெளியே போய்ப் புகழ்கிறோம். பாட்டைக் கேட்கையில் இனிக்கிறது. கேட்டு முடிந்ததும் சிறிது உறுத்துகிறது. 2021-இல் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ அந்த உறுத்தலையே பாட்டாக்கியது. அரக்கோணத்துக்காரரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையிலிருந்து அதை எழுதினார். நட்டவர்களுக்கு நிலமில்லாமற்போன கதை அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் விழா நெருங்குகிறது. நம் சங்கத்தின் மெல்லிசைக் குழுவும் ‘சொர்க்கமே என்றாலும்’ பாடப் போவதாகக் கேள்வி. பாடும் நண்பருக்கு ஒன்று சொல்வேன்: ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போல எதிரொலிப் பொத்தானைத் திருகிவிடுவார். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வயலில் சுவர் கிடையாது.