சிரமதானமும் மாணவர் தலைமையும்

தலைமை என்பது பேச்சாற்றலே எனக் கருதும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியுள்ளது. இலங்கை அரசியலில் முன்னணியில் நின்றோர் பலர், புதுக்கடை நீதிமன்றங்களில் வாதத்திறனாற் புகழீட்டிய வழக்கறிஞராயிருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். கல்லூரிகளும் மாணாக்கரைத் தலைவராக்க விரும்பியபோது சொற்போர் மன்றங்களையும் மாணவ முதல்வர் பதவிகளையுமே பெரிதும் நம்பின. பேச்சு வேண்டாததன்று. ஆயினும் பிறர் துன்பத்தை அருகிருந்து காணாதவன் எவர்பொருட்டுப் பேசுவான்? இவ்வினாவிற்குக் கொழும்பிலே ஓர் ஆசிரியர் செயலால் விடை தந்தார்.

நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மேல்வகுப்பு மாணவர் ஏறத்தாழ நாற்பதின்மரையும் ஆசிரியர் சிலரையும் அழைத்துக்கொண்டு, குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவை என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவ்வூரார் சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டு, இரந்துண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்த ரோடியர் குலத்தினர். அவ்வாண்டு மே மாதத்தில் மூண்ட இனக்கலவரத்தால் நாடு புண்பட்டிருந்த காலமும் அதுவே. மாணவர் அவ்வூரவரோடு உடனுறைந்து கிணறு தோண்டினர், மலசலகூடம் அமைத்தனர், தோட்டம் இட்டனர். இம்முயற்சியினின்றே சர்வோதய சிரமதான இயக்கம் தோன்றி, பின்னர் ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்குப் பரவிற்று. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தார்.

சிரமம் என்பது உழைப்பு. தானம் என்பது கொடை. பொருளில்லாதவனும் தன் உழைப்பைக் கொடையாக அளிக்கலாம் என்பது இச்சொல்லின் கருத்து. சர்வோதயம் என்பதோ, ரஸ்கினின் நூலொன்றைத் தழுவிக் காந்தியடிகள் 1908இல் குசராத்தியில் எழுதியபோது அதற்கு இட்ட பெயராகும்.

இத்தகைய தொண்டு தலைமையை வளர்ப்பது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது. முதலாவதாக, வகுப்பறையில் நிலவும் வரிசை வேலைத்தலத்தில் தலைகீழாகின்றது. பரீட்சையில் முதல்வனாக நின்றவன் மண்வெட்டி பிடிக்க அறியான். எழுத்தறியாத உழவனோ, அலவாங்கு எவ்விடத்திற் பாயும், நீரூற்று எங்கே கிடைக்கும் என்பவற்றை நன்கறிவான். அவனிடம் கேட்டுக் கற்கும் பணிவே தலைமையின் முதற்பாடம்.

இரண்டாவதாக, சிரமதான முகாமில் நாடோறும் குடும்பக் கூட்டம் கூடுகின்றது. ஊரவரும் வந்தவரும், முதியோரும் சிறுவரும் சமமாக அமர்ந்து, அன்றைய வேலையையும் குறைகளையும் பேசித் துணிவர். கொடை, இன்சொல், பயன்தரு செயல், சமத்துவம் என்னும் நான்கும் அங்கே ஒழுக்கநெறிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆணையிட அன்றி, இணங்கச் செய்ய இளைஞன் இங்கே பழகுகின்றான்.

மூன்றாவதாக, பொறுப்பு கண்முன்னே பயன் தருகின்றது. உணவுக் கணக்குப் பிழைத்தால் பலர் பசித்திருப்பர். கருவி குறைந்தால் வேலை தடைப்படும். பதவிப் பெயரால் இப்பிழைகளை மறைத்தல் இயலாது.

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. 1924இல் யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நிறுவிய மாணவர் காங்கிரஸ், சாதிவேற்றுமையை எதிர்த்து நின்றது; காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது. அவ்விளைஞர்தம் தலைமையும், தம் வீட்டுத் திண்ணையிலேயே நிலவிய அநீதியை எதிர்த்ததனால் உருவாயிற்று.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ஒருநாள் சென்று குப்பை கூட்டிப் படம் பிடித்துக்கொண்டு மீள்வது தொண்டாகாது. நற்சான்றிதழுக்காகச் செய்யப்படுவதும் அன்னதே. ஊரவரைக் கேளாது செய்த உதவி, அவர்களை மீண்டும் இரப்போராகவே ஆக்கும். ஆதலின், செல்லுமுன் அவர் தேவையை அவர்வாயாலேயே அறிதலும், வேலையில் அவரையும் பங்குகொள்ளச் செய்தலும், சில திங்கள் கழித்து மீண்டுஞ் சென்று பார்த்தலும் இன்றியமையாதன.

மாணவர் திரும்பிய பின்னர் அக்கிணற்றை யார் இறைத்துத் தூய்மை செய்கின்றனர், அதன் நீரை எல்லோரும் தடையின்றி மொள்ளுகின்றனரா என்று வினவுதல் வேண்டும். அம்மாணவர் பெற்ற பயிற்சியின் தரம் அவ்விடையினாலேயே அறியப்படும்.