பழநிக்குப் போகிற எல்லோரும் ஒரே ரகம் அல்ல

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் தாராபுரம் சாலையில் நின்று பாருங்கள். காங்கேயம், திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பாதயாத்திரைக் குழுக்கள் காவி வேட்டியும் துளசி மாலையுமாகத் தொப்பம்பட்டியைக் கடந்து பழநியை நோக்கி நடக்கின்றன. நடப்பவருக்கு ஒரு சொட்டு டீசல் செலவில்லாத பயணம். தரிசனம் முடிந்ததும் அதே கூட்டம் பல வகையாகப் பிரிந்துவிடுகிறது. சிலர் அரசு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சிலரை அழைத்துப்போக வீட்டிலிருந்து கார் வந்து காத்திருக்கிறது. சிலர் குழுவோடு வந்த வேனிலேயே ஏறிவிடுகிறார்கள். முருகன் மேல் உள்ள பக்தி எல்லோருக்கும் ஒன்றுதான். ஊர் திரும்பும் வழியை முடிவுசெய்வது முழங்கால் வலி, கைக்குழந்தை, கடைசி பஸ்ஸின் நேரம், கையில் உள்ள காசு.

'பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவோம், சுற்றுச்சூழலைக் காப்போம்' என்ற ஒரே வாசகத்தைச் சுவர் முழுக்க எழுதிவைத்தால் இவர்களில் யார் மாறுவார்கள்? பஸ்ஸில் போகிறவர் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார். காரில் போகிறவர் படித்துவிட்டுக் காரிலேயே போவார். இந்த இடத்தில்தான் சமூகச் சந்தைப்படுத்தல் என்ற முறை உதவுகிறது. சோப்பு விற்கும் கம்பெனி யாருக்கு எந்த அளவு பாக்கெட், என்ன விலை, எந்தக் கடையில் என்று யோசிக்கிறதே, அதே யோசனையைப் பொதுநன்மைக்குத் திருப்புவதுதான் அது. 1971-ல் பிலிப் கோட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். ஆனால், இந்தியா அதற்கு முன்பே செய்துகாட்டிவிட்டது. 1968-ல் தொடங்கிய நிரோத் திட்டத்தில், டீத்தூளும் சோப்பும் விற்ற கம்பெனிகளின் விநியோக வண்டிகளிலேயே ஆணுறையும் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது. மூன்றுக்குப் பதினைந்து பைசா. அறிவுரையைவிட, கைக்கு எட்டிய இடமும் கட்டுப்படியான விலையும்தான் அங்கே அதிக வேலை செய்தன.

பயணத்தில் நம் மாநிலத்தின் மிகப் பெரிய உதாரணம் 2021 மே 8-ல் நடைமுறைக்கு வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம். சுற்றுச்சூழலுக்காகக் கொண்டுவந்த திட்டமல்ல அது. பெண்களின் கைச்செலவைக் குறைக்க வந்தது. என்றாலும் வகை பிரித்து அணுகுவதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். எல்லோருக்கும் டிக்கெட் விலையைக் கொஞ்சம் குறைக்காமல், பஸ்ஸை அதிகம் நம்பியிருக்கும் ஒரு பிரிவுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பழநிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டை முந்தானை முடிச்சிலோ பர்ஸிலோ வைத்துக்கொண்டு, முருங்கைக் கட்டைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு உட்காரும் பெண்ணுக்கு யாரும் பருவநிலை மாற்றம் பற்றி விளக்கவில்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கு அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும்.

அவருடைய மகன் கதை வேறு. பள்ளியில் படிக்கும்வரை இலவச பஸ் பாஸ் வைத்திருந்தவன், மில் வேலைக்குப் போனதும் தவணையில் பைக் வாங்குகிறான். இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இல்லை. அவனிடம் போய்க் கரியமில வாயுவைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. ஷிப்டுக்கு ஏற்ற பஸ்ஸை முதலில் விட வேண்டும், பேச்சு பிறகு.

ஆக, பயணிகளை எதை வைத்து வகை பிரிப்பது? வயது, வருமானம், ஆணா பெண்ணா என்பது எளிய வழி. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜிலியன் அனபிள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இந்த எளிய வழியைக் கேள்வி கேட்டது. வடமேற்கு இங்கிலாந்தில் பாரம்பரிய இடங்களுக்கு ஒருநாள் சுற்றுலா வந்தவர்களை அவர் ஆராய்ந்து ஆறு வகையாகப் பிரித்தார். கார் வைத்திருந்தும் நெரிசலில் ஓட்டிச் சலித்தவர்கள், காரை விடவே மாட்டேன் என்பவர்கள், வசதியில்லாததால் மட்டும் பஸ்ஸில் போகிறவர்கள் என்று போகிறது அந்தப் பட்டியல். வயதும் வருமானமும் யார் எந்த வகை என்பதை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்கவில்லை; மனப்போக்குதான் காட்டியது. காரை விடமாட்டேன் என்பவரிடம் மல்லுக்கட்டுவதைவிட, சலித்துப்போனவருக்கு ஒரு மாற்றுவழி திறப்பதில் பலன் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் இதை வீடுவீடாகச் செய்தது. தெற்கு பெர்த்தில் குடும்பங்களைத் தொடர்புகொண்டு, விருப்பமில்லை என்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். விருப்பமுள்ளவர்களுக்கு அவர்கள் கேட்ட விவரத்தை மட்டும், அதாவது அவரவர் நிறுத்தத்துக்கான பஸ் நேரத்தையோ சைக்கிள் பாதையின் வரைபடத்தையோ கொடுத்தார்கள். கார் ஓட்டிச் செல்லும் பயணங்கள் 14 சதவீதம் குறைந்தன. நம் பஸ் நிறுத்தங்களில் நேர அட்டவணையே இல்லாத நிலையில், பெர்த்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அந்த நேர விவரம்தான்.

பழநி அடிவாரத்தில் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி, 2024 மார்ச் முதல் கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை வந்தது. தடையோடு நின்றிருந்தால் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும்தான் தவித்திருப்பார்கள். கோயில் நிர்வாகம் பேட்டரி கார்களைக் கட்டணமில்லாமல் ஓட்டுவதால், நடக்க முடிந்தவர் நடக்கிறார், முடியாதவர் ஏறிக்கொள்கிறார். ஒரே வீதியில் இரண்டு வகையினருக்கும் வழி இருக்கிறது.

மலைக்கு மேலே கொடைக்கானலில் நடப்பது வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கு அந்த வரம்பு இல்லை. இது சட்டத்தின் வழி. மலை தாங்காது என்ற நிலையில் தேவையானதும்கூட. ஆனால், பாஸ் வாங்கும் ஒவ்வொருவரும் எத்தனை பேர், எந்த நாள், எதற்காக வருகிறோம் என்று தாமே எழுதிக் கொடுக்கிறார்கள். வாகனங்களை எண்ணுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது பெரிய இழப்பு. ஒரே நாளில் போய்த் திரும்பும் சமவெளிக்காரர்களைத் தனியே பிரித்தெடுத்து, பழநியிலோ வத்தலக்குண்டிலோ காரை நிறுத்த இடமும் மேலே போக நேரம் தவறாத பஸ்ஸும் உண்டு என்று பாஸ் எடுக்கும்போதே சொல்லலாம். மலை வளைவில் மணிக்கணக்காக நின்று சலித்தவர் அந்தப் பட்டியலில் நிச்சயம் இருப்பார்.

பாதயாத்திரைக் குழுக்களிடம் இந்த வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குருசாமி உண்டு. எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்த ஊர், என்று திரும்புவார்கள் என்பது மாலை போடும்போதே அவருக்குத் தெரியும். போக்குவரத்துக் கழகம் மார்கழியிலேயே குருசாமிகளிடம் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, ஊர்வாரியாகத் திரும்பும் பஸ்களை முன்பதிவு செய்து தந்தால், அழைத்துப்போக வரும் கார்களில் பாதிக்கு வேலை இருக்காது.