உங்களுக்குத் தெரியுமா? சீசரைச் சாய்த்த கத்திகள்

● ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசர் மூன்றாம் அங்கத்திலேயே கொல்லப்படுகிறார். அவரைவிட அதிகம் பேசுபவர், நண்பராக இருந்து கத்தி எடுத்த புரூட்டஸ்தான்!

● நாடகத்தில் கொலை நடப்பது ரோமின் கேப்பிடலில். உண்மையில், கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் கூடியது தளபதி பாம்பி கட்டிய மண்டபத்தில். தன்னிடம் போரில் தோற்ற அந்தப் பாம்பியின் சிலையடியிலேயே சீசர் சரிந்தார்.

● சதி பற்றி எச்சரித்த சீட்டு ஒன்று, செனட்டுக்குப் போகும் வழியிலேயே சீசரின் கைக்கு வந்தது. படிக்க நேரமில்லாமல் கையில் பிடித்தபடியே உள்ளே போனாராம்.

● சீசரின் உடலில் 23 குத்துகள். மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டுமே உயிரைப் பறித்தது என்பது மருத்துவர் அன்டிஸ்டியஸின் முடிவு.

● நாடகத்தில் சதிகாரர்கள் கூடும் காட்சியில் கடிகாரம் மூன்று முறை அடிக்கிறது. சீசர் காலத்து ரோமில் மணியடிக்கும் கடிகாரமே கிடையாது!

● கொலையைப் பெருமையாகவே நினைத்த புரூட்டஸ், அதை வெள்ளி நாணயத்தில் பொறித்தார்: நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, இருபுறமும் குத்துவாள்கள், கீழே கொலை நாள். கி.மு. 42-இல் பிலிப்பிப் போரில் தோற்றதும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

● 1599 செப்டம்பரில் லண்டனில் சீசர் நாடகம் பார்த்த சுவிட்சர்லாந்துப் பயணி தாமஸ் பிளாட்டர் எழுதிவைத்த செய்தி: சோக நாடகம் முடிந்த கையோடு, நடிகர்கள் மேடையில் குதூகலமாக நடனம் ஆடினார்கள்!