மூக்குக் கழுவும் நீர்: ஒரு சொல்லாய்வு

உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் சிலர், நசியம், நேதி, நீர்நேதி என்னும் சொற்களை வேறுபாடின்றி ஆளக் காண்கின்றோம். இவை மூன்றும் ஒன்றல்ல. சொல் மயங்கின் செயலும் மயங்கும். மருத்துவத்தில் அம்மயக்கம் உயிர்க்கே ஊறு விளைத்தல் கூடும்.

நசியம் என்பது மூக்கின்வழி மருந்து செலுத்துதல். மூக்கைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்தது இச்சொல். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியம் கொள்ளுமாறு கூறும். சாறோ எண்ணெயோ சில துளிகளே இவ்வாறு விடப்பெறும். நீர் வார்த்துக் கழுவுதல் வேறு.

நேதியின் வரலாறு இதனினும் சுவையுடையது. 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அடயோகப் பிரதீபிகை, ஒரு சாண் நீளமுள்ள நெய்ப்புடைய நூற்கயிற்றை மூக்கில் நுழைத்து வாய்வழியே வாங்குதலையே நேதி என்கின்றது. அவ்விளக்கத்தில் நீருக்கு இடமில்லை. பிற்பட்ட கேரண்ட சங்கிதை மூக்கால் நீரை ஈர்த்து வாயால் உமிழும் செய்கையைச் சொல்லுகின்றது. ஆயினும் அதனைக் கபாலபாதியின் ஒரு வகையாக வைத்ததேயன்றி நேதி எனப் பெயரிடவில்லை. எனவே, கெண்டியால் ஒரு நாசியில் வார்த்து மறு நாசியால் வடியவிடும் முறைக்கு நீர்நேதி என்னும் பெயர் பின்னரே ஏறியது எனல் பொருந்தும். (கெண்டியின் நீர் ஒழுகும் உறுப்பையும் தமிழர் மூக்கு என்றே வழங்குவது இங்கு நினைந்து மகிழத்தக்கது.)

இனிச் செயலை நோக்குவோம். முகவெலும்புகளுள் சைனசு எனப்படும் காற்றறைகள் நான்கு இணை உள. அவற்றில் சுரக்கும் சளி சிறு துளைகளின் வழியே மூக்கினுள் வடியும். துளைகள் அடைபடின் தலைக்கனமும் முகவலியும் தோன்றும். கழுவும் நீர் அவ்வறைகளுள் பெரும்பாலும் புகுவதில்லை. மூக்கில் தேங்கிய சளியையும் தூசியையும் அகற்றி வடிகாலுக்கு வழிவிடுகின்றது. உப்பு நோய்க்கிருமியைக் கொல்லுதற்கு என்று பலர் எண்ணுவர். அஃதன்று. உப்பில்லா நீர் மென்சவ்வின் உயிரணுக்களுள் ஊடுருவி எரிச்சல் தரும். 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்னும் அளவு குருதியின் உவர்ப்போடு ஒத்தலால் எரிச்சல் தாராது.

எந்த நீர் என்பதே தலையாய வினா. ‘சுத்தமான நீர்’, ‘வெதுவெதுப்பான நீர்’ என்று எழுதிச் செல்வது போதாது. குடித்தற்குரிய குழாய்நீரும் சுத்தமான நீரே. ஆனால் வெப்பமான நன்னீரில் வாழும் நெக்லீரியா பவுலரி என்னும் அமீபா, குடித்தால் தீங்கு செய்யாது. மூக்கின் மேற்பகுதியை அடையின் மணமறி நரம்பின்வழி மூளைக்கு ஏறி அதனை அழிக்கும். அந்நோய் மிக அரிது. உற்றோருள் பிழைத்தோரும் மிகச் சிலரே. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்நீரால் மூக்குக் கழுவிய இருவர் இந்நோயால் இறந்தனர்.

ஆகவே சொல்லைத் தேர்ந்தே எழுதல் வேண்டும். குளிக்கக் காயவைத்ததும் வெந்நீரே. ஆதலின் அச்சொல் ஈண்டு உதவாது. ‘காய்ச்சிய நீர்’ என்பதையும் இளஞ்சூடேறிய நீர் எனக் கொள்வார் உளர். கொதித்தாறிய நீர் என்பதே ஐயத்திற்கு இடந்தராத தொடர். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்தல் வேண்டும்; 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உதகை போன்ற மலையூர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுதலின் 3 நிமிடம் வேண்டும்.

மற்றொரு தொடர் இதனினும் இடருடையது. ஆவியாக்கிக் குளிர்வித்துப் பெறும் நீரைக் ‘காய்ச்சி வடிகட்டிய நீர்’ என மொழிபெயர்க்கின்றனர். இதைப் படிக்கும் இல்லத்தரசி நீரைச் சுடவைத்துத் துணியால் வடிகட்டுவாரேயன்றி வேறென் செய்வார்? சித்த மருத்துவர் கையாளும் வாலை என்னும் கருவிப்பெயர் நம்மிடம் இருக்க, வாலையில் வடித்த நீர் என்று எழுதத் தடை யாதும் இல்லை. கெண்டியையும் இத்தகைய நீராலேயே அலம்பி உலர்த்துமாறு அடுத்த வரியில் சேர்த்தல் நன்று. அவ்வரி பல நூல்களில் விடுபட்டுள்ளது.