சவுக்காரமும் இலைமேல் படியும் நஞ்சும்

சித்தூர் மாவட்டத்துப் பலமனேர் மேட்டுநிலத்தில் தக்காளியோடு, முசுக்கொட்டை எனப்படும் மல்பெரியும் பயிராகிறது. பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலையன்றி வேறு உணவில்லை. அது தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் சில நாட்களிலேயே தின்று தீர்க்கிறது. அந்நாட்களில் கொய்யும் இலையில் நஞ்சின் எச்சம் இருப்பின், ஒரு மாத உழைப்பு கூடு கட்டும் தறுவாயில் அழிந்துபோகும்.

மல்பெரியின் குருத்தைச் சுருட்டித் தடிக்கச் செய்யும் துக்ரா என்னும் கோளாறு மாவுப்பூச்சியால் உண்டாவது. இப்பூச்சியின் உடலை வெண்மையான மெழுகுத்தூள் போர்த்தியிருப்பதால், நீரில் கலந்த மருந்து எளிதில் ஒட்டாது உருண்டு விழும். இதன்பொருட்டே பட்டு வளர்ப்புக் கையேடுகளில், 0.2 சதவீத டைகுளோர்வாஸ் மருந்தை 0.5 சதவீதச் சவுக்காரக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 5 கிராம் சவுக்காரம் கரைத்த நீரில், கலந்து தெளிக்குமாறு கூறப்பட்டது. தெளித்தபின் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு இலை பறிக்கலாகாது என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் சவுக்காரமும் ஒட்டும் திரவங்களும் பிற மருந்துகளோடு கலக்கப்பட்டே வருகின்றன. அவை இலைமேல் யாது செய்கின்றன என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

இலையின் மேற்புறத்தை மெழுகும் க்யூட்டின் என்னும் பொருளும் கலந்த மெல்லிய தோல் மூடியுள்ளது. அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவே. எண்ணெய்த் தன்மையுள்ள கரிமப் பொருள்கள் நீரை விட்டு இம்மெழுகையே நாடிச் செல்லும். தூய நீரின் பரப்பிழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். சவுக்காரமோ டிடர்ஜென்ட் தூளோ சேர்ந்தால் அது 30 டைன் அளவுக்குத் தாழ்கிறது. முத்துப்போல் நின்ற துளி உடனே படர்ந்து மெல்லிய படலமாகிவிடும். படர்ந்த மருந்து விரைவில் ஆவியாகலாம். வெயில் மிகுதியாகப்பட்டுச் சிதையலாம். இவையிரண்டும் புழுவுக்கு நன்மையே. ஆனால் அதே சவுக்காரம் மெழுகினுள்ளும் புகுந்து அதனை நெகிழச் செய்வதால், நஞ்சின் ஒரு பகுதி இலைத்தோலைக் கடந்து உள்ளே இறங்கிவிடுகிறது. உள்ளே சென்றதை மழையும் கழுவாது, வெயிலும் எளிதில் எட்டாது. டைமெத்தோயேட் போன்று இயல்பாகவே இலைக்குள் ஊடுருவும் மருந்துகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

சவுக்காரத்தின் அளவும் ஒரு பொருட்டே. குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் அதன் மூலக்கூறுகள் சிறு திரள்களாகக் கூடி, எண்ணெய்ப் பொருளைத் தம் நடுவே அடக்கிக்கொள்கின்றன. அவ்வாறு அடைபட்ட நஞ்சு மெழுகுக்குள் செல்வது குறையக்கூடும்; வெயிலில் சிதையும் வேகம் சிலவற்றில் கூடும், சிலவற்றில் குறையும். ஆதலால் ஒரு மருந்துக்குக் கண்ட காத்திருப்பு நாட்களை, வேறு ஒட்டும் திரவம் கலந்த மருந்துக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. சிலிக்கான் சேர்ந்த புதிய ஒட்டும் திரவங்கள் பரப்பிழுவிசையை மேலும் தாழ்த்தி, இலைத்துளைகளின் வழியாகவே கரைசலை உட்புகுத்த வல்லவை. மல்பெரித் தோட்டத்துக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய நான் தயங்குவேன்.

தெளிக்கும் மருந்து மட்டுமன்றி, காற்றில் வந்து படியும் மாசும் இவ்விதிக்கு உட்பட்டதே. சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதையேறிப் பலமனேர் வரும் லாரிகளின் புகைக்கரியில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன; அவை சாலையோர இலைகளின் மெழுகில் தங்குகின்றன. சவுக்காரநீர் பட்டால் அவற்றில் ஒரு பகுதி கழன்று ஓடும். எஞ்சியது இடம் பெயரலாம். வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கடற்கரையிலிருந்த நார்போக் தீவுப் பைன் மரங்கள் 1960களிலும் 1970களிலும் கருகலாயின. கழிவுநீரோடு கடலில் கலந்த டிடர்ஜென்ட் அலைத்திவலையில் ஏறி, இலைமெழுகைக் கெடுத்து, உப்பை உட்புகவிட்டதே காரணமெனக் கண்டனர்.

சவுக்காரத்தைக் கிணற்று நீரில் கரைப்போர் நீரின் கடினத்தன்மையையும் நோக்கவேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் சவுக்காரம் திரிந்து வெண்கசடாகும். மருந்து சீராகப் பரவாது, தெளிப்பான் மூக்கும் அடைபடும். இதற்காக டிடர்ஜென்ட் தூளை அள்ளிப் போடுவோர் உண்டு. அத்தூளிலுள்ள சோடா உப்புகள் இளங்குருத்தைக் கருக்கிவிடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சேப்பங்கிழங்கு இலையில் ஒரு துளி நீரும், அருகே சவுக்காரநீர் ஒரு துளியும் விட்டு, ஓடும் விதத்தை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். களப்பணியாளர், மருந்து தெளித்த தோட்டத்து இலையைக் காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரும் முதலில் சில புழுக்களுக்கு மட்டும் இடச் செய்து, ஒரு நாள் கவனிக்கச் சொல்லலாம். அவை தலையை அசைத்து நீர் கக்கினால், அத்தோட்டத்து இலையை அந்த வளர்ப்புக்குத் தொடலாகாது.